மறுபடி எடுக்கச் சொன்னவர்

அன்று மத்தியானம் லேபில் ஓனர் இருந்தார். பில் போடுகிற செல்வி இருந்தார். டெக்னீஷியன் பிரபு இருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து ரத்தக் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு நானும் இருந்தேன். ஆபா இருந்தார். ஆபாவின் ரத்தம் மெஷினுக்குள் இருந்தது.

மெஷின் சொன்ன எண் பொய்யாக இருக்க வேண்டும் என்று நாங்கள் நாலு பேரும் நினைத்தோம். ஆபாவால் அப்படி நினைக்க முடியாது. அந்த மெஷின் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

அவர் பெயரை நான் எழுதவில்லை. குழாயில் ஒட்டுகிற சீட்டைத் தவிர வேறு எங்கேயும் பெயர் வேண்டியதில்லை என்பார். கடைத்தெருவில் அவருடைய அண்ணன்கள் பூட்டும் கீலும் விற்கிறார்கள். பழைய குடும்பம். அவர்கள் வீட்டில் அக்காவை ஆபா என்பார்கள். லேபில் எல்லோருக்கும் அதுவே வந்துவிட்டது. நானும் ஆபா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணா என்பார். யாருக்கு வயது ஜாஸ்தி என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். முன்பு பால் வண்டி ஓட்டினேன். பிறகு இந்த லேபில் சேர்ந்தேன். வேங்கிக்கால் பக்கம், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் இருக்கிறது. காலையில் கீழ்பென்னாத்தூர் போவேன். அங்கே ஒரு நர்சம்மா ரத்தம் எடுத்து வைத்திருப்பார். ஐஸ் பெட்டியில் அடுக்கி வண்டியில் கட்டிக்கொண்டு வருவேன். பாலும் ரத்தமும் ஒன்றுதான். வெயிலில் நின்றால் கெட்டுவிடும்.

ஆபா காலையில் வந்ததும் நோயாளி ரத்தத்தைத் தொடமாட்டார். பிரிட்ஜில் சின்னக் குப்பிகள் இருக்கும். கம்பெனிக்காரன் அனுப்புவது. அதற்குள் எது எவ்வளவு இருக்கிறது என்று முன்பே தெரியும். அதை வெளியே எடுத்து வைப்பார். குளிர் போனதும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டுவார். குலுக்க மாட்டார். பிறகு மெஷினில் வைப்பார். தெரிந்த எண்ணை மெஷின் சரியாகச் சொன்னால்தான் தெரியாத எண்ணை அதனிடம் கேட்கலாம். இதற்கு கன்ட்ரோல் என்று பெயர்.

சுவரில் கட்டம் போட்ட தாள் ஒன்று. நடுவில் ஒரு கோடு. மேலே ஒன்று, கீழே ஒன்று. கன்ட்ரோல் போட்டதும் அதில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வெளியே போனால் அன்று அந்த டெஸ்ட் கிடையாது. உள்ளேயே இருந்தாலும் ஒரே பக்கமாகப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போனால் அதுவும் அவருக்குப் பிடிக்காது.

“உள்ளதானே இருக்குது ஆபா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“உள்ளதான் இருக்குது. ஆனா நடந்துகிட்டே இருக்குதே அண்ணா. எங்க போவுதுன்னு தெரியல.”

வெளியே வெறும் வயிற்றோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சக்கரை பார்க்க வந்தவர்கள். கன்ட்ரோல் முடியும்வரை ஊசி குத்தமாட்டார்கள் என்று சத்தம் போடுவார்கள்.

“பசில கண்ணு இருட்டுது. உள்ள இன்னா பூஜையா போட்றீங்க?”

செல்வி தலை நிமிராமல் சொல்லுவார். “ஆமாங்க. முடிஞ்சதும் சுண்டல் குடுப்பாங்க. உக்காருங்க.”

உள்ளே ஆபா சிரிப்பது கேட்கும்.

ஆனால் ரத்தத்தைத் திருப்பி அனுப்புவதில் சிரிப்பு கிடையாது. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு பல்குச்சியை விட்டுக் கிண்டிப் பார்ப்பார். சின்னக் கட்டி இருந்தாலும் தள்ளிவிடுவார். பெயர்ச்சீட்டு சரியாக இல்லையென்றால் தள்ளிவிடுவார். “மறுபடி” என்பார். அவ்வளவுதான். ஊரில் சிலர் அவரை மறுபடி ஆபா என்றே சொன்னார்கள். அவருக்கும் தெரியும்.

ஒரு சித்ரா பௌர்ணமி. கிரிவலத்துக்கு ஊரே நிறைந்துவிட்டது. என் வண்டியை ஊருக்கு வெளியிலேயே மடக்கிவிட்டார்கள். பெட்டியைக் காட்டி, ரத்தம் சார், லேபுக்குப் போகணும் என்றேன்.

“எல்லாருக்குள்ளயும் ரத்தம்தான்யா ஓடுது. ஓரமா நில்லு” என்றார் போலீஸ்காரர்.

நின்றேன். சந்து சந்தாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் தாண்டிவிட்டது. பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. ஆபா என்னைத் திட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு இரண்டு குழாயை எடுத்து, சுழல்கிற மெஷினில் வைத்துச் சுற்றவிட்டுப் பார்த்தார். மேலே நிற்கிற நீர் வெளுத்த மஞ்சளாக இருக்க வேண்டும். சிவப்பாக இருந்தது.

“வேணாம் அண்ணா.”

“எல்லாமேவா?”

“சக்கரை கம்மியா காட்டும். பொட்டாசியம் ஜாஸ்தியா காட்டும். ஒருத்தருக்கு நல்ல சேதி சொல்வேன், ஒருத்தருக்கு கெட்ட சேதி சொல்வேன். ரெண்டுமே பொய்யி.”

மறுநாள் கீழ்பென்னாத்தூர் போய் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டோம். நிலத்தில் மல்லாட்டைக் கடலை போட்டிருக்கிற ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“நேத்து குடுத்த ரத்தம் இன்னாடா ஆச்சு? கிரிவலம் போயிடுச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இதை ஆபாவிடம் சொன்னேன். அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தார். பிறகு என்னிடம், “அந்தப் பெரியவருக்கு ஊசி வலிச்சுதா?” என்று கேட்டார். வலிக்காமல் எப்படி இருக்கும் என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டார்.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் வருவார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. ஒரு ஆளின் சக்கரையைக் கொஞ்சம் இறக்கிப் போடச் சொன்னார்.

“ரொம்ப வேணாம் மேடம். ஒரு முப்பது கம்மி பண்ணிக் குடுங்க. பாவம், புள்ளகுட்டிக்காரன்.”

“மீன் மார்க்கெட்டுக்குப் போற வழி அந்தப் பக்கம்” என்றார் ஆபா.

ஏஜெண்ட் ஓனரிடம் போனார். ஓனர் நல்ல மனிதர். ஆனால் கடன் வாங்கி மெஷின் போட்டவர். ஆபாவிடம் வந்து தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார். ஆபா கையுறையைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “நீங்களே போட்டுக்குங்க பாய். நான் கையெழுத்து வெக்கல.” ஓனர் பாய் இல்லை. கோபம் வந்தால் ஆபாவுக்கு எல்லோரும் பாய்தான். ஓனர் அந்தக் கையுறையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இதையெல்லாம் எழுதினால் ஆபா எப்போதும் சரியாக இருந்தார் என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரு மழைக்காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

டெங்கு ஜாஸ்தியாக இருந்தது. எல்லோருக்கும் தட்டணு, அதாவது பிளேட்லெட், பார்க்க வேண்டும். அது இறங்கினால் ஆபத்து. அன்று காலைக் கன்ட்ரோல் சரியாக வந்தது. மத்தியானம் இன்னொரு முறை போட்ட கன்ட்ரோலில் தட்டணு மட்டும் கோட்டுக்கு வெளியே போனது. மறுபடி போட்டார். மறுபடியும் வெளியே போனது. வேறு குப்பி எடுத்தார். அதுவும் அப்படியே. ஆபா மெஷினை நிறுத்திவிட்டார். அதற்குள் ஒரு பெண்குழந்தையின் ரத்தம் ஓடி, எண் வந்துவிட்டிருந்தது. ஆபா அதைக் கொடுக்கவில்லை.

குழந்தையின் அம்மா ஆசிரமப் பக்கம் ஒரு விடுதியில் பாத்திரம் தேய்ப்பவர். புடவை முந்தானையெல்லாம் ஈரம். கண்ணாடியைத் தட்டினார்.

“நம்பர்தான் வந்துடுச்சு இல்ல, சொல்லும்மா. ஆஸ்பத்திரில நம்பர் எங்க நம்பர் எங்கன்னு கேக்கறாங்க.”

“அந்த நம்பர நம்ப முடியாதும்மா. வேற லேபுக்கு அனுப்பறேன். அண்ணா இப்பவே போறாரு.”

“உன் புள்ளையா இருந்தா இப்படி நிக்க வெப்பியா?”

ஆபாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த அம்மாவுக்கு அது தெரியாது. ஆபா குழாயை என் கையில் கொடுத்தார். மழையில் ஓட்டிக்கொண்டு போனேன். அந்த லேபில் கூட்டம். எண் வாங்கிக்கொண்டு வர நேரமாகிவிட்டது. குழந்தையை அதற்குள் வேலூருக்கு வண்டி ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. எங்கள் மெஷின் சொன்னதே போதும். மெஷின் கம்பெனி ஆள் மறுநாள் வந்து ஒரு குழாயைக் கழுவிப் போட்டார். பெரிசா ஒண்ணுமில்ல மேடம் என்றார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்த அம்மா அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. வேறு யாரையும் அனுப்பவும் இல்லை.

நான் ஆபாவிடம் சொன்னேன். “சரியாத்தானே இருந்துச்சு. சும்மா குடுத்திருக்கலாம்.”

“சரியா இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது. அப்பத் தெரியாது இல்ல?”

அப்படிச் சொன்னாரே தவிர, அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பிறகு பல நாள் அந்த விடுதிப் பக்கம் போகிறவர்களிடம் குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஸ்கூலுக்குப் போகிறது என்று ஒருவர் சொன்ன பிறகுதான் விட்டார்.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு முறை கேட்டேன்.

“எப்படி?” என்றார்.

செல்விக்குப் பல கதைகள் தோன்றும். சின்ன வயதில் யாருக்கோ தப்பாக ரிசல்ட் கொடுத்திருப்பார், அவர் அப்பாவுக்கு யாரோ தப்பாகக் கொடுத்திருப்பார்கள் என்று. ஆபாவிடமே கேட்டும் பார்த்தார். “சீரியல் ஜாஸ்தி பாக்கற நீ” என்று முடித்துவிட்டார். எனக்குக் கதை தேவைப்படவில்லை. சிலருக்குப் படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்தால் தூக்கம் வராது. அதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் ஆபாவும் அவர் அம்மாவும்தான். அண்ணன்கள் தனித்தனி வீடு. அம்மாவுக்கு வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, சக்கரை ஊசி போடுவது எல்லாம் ஆபா. அம்மாவின் ரத்தத்தையும் இங்கேதான் பார்ப்பார். பில் போடச் சொல்லுவார். சொந்தக்காரர் என்று முன்னால் எடுத்து வைக்கமாட்டார். வரிசையில்தான் போகும்.

அந்த வருடம் ரம்ஜான் மாதம் முழுக்க நோன்பு பிடித்தார். எப்போதும் பிடிப்பவர்தான். ஆனால் பெருநாள் முடிந்த பிறகும் முகம் தேறவில்லை. மாடிப்படி ஏறினால் நின்று நின்று வந்தார். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறார். கையில் அங்கங்கே கன்றிப்போன மாதிரி நீலம். எங்கே இடித்தது என்றால் தெரியலையே என்பார்.

செல்விதான் விடவில்லை. “ஊருக்கெல்லாம் ஊசி குத்தறீங்க. ஒரு வாட்டி நீங்க குத்திக்கினா இன்னா ஆபா?”

“நோன்பு எளப்பு. சரியாயிடும்.”

“பெருநாள் பிரியாணி செரிச்சே போச்சு. இன்னும் இன்னா நோன்பு எளப்பு? பிரபு, ஊசிய எடு.”

ஆபா உட்கார்ந்தார். சட்டையின் கையை மடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் என்று வேலூர் போனார்கள், சென்னை போனார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கூடப் போகவில்லை. அடுத்த ரம்ஜானுக்கு ஆபா இல்லை. கபர்ஸ்தானில் மண் தள்ளும்போது ஓனர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபாவின் அம்மாவை மூத்த அண்ணன் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு நினைவில் நிற்பது கபர்ஸ்தான் இல்லை. அந்த மத்தியானம்தான்.

பிரபு ஊசியைக் கையில் எடுத்தார். ஆபா கையை நீட்டவில்லை.

“பேரு கேக்கல நீ.”

“உங்க பேரு எனக்குத் தெரியாதா ஆபா?”

“கேளு.”

பிரபு கேட்டார். ஆபா சொன்னார். வயது கேட்டார். சொன்னார். பிறகு கையை நீட்டினார். குழாய் நிறைந்ததும் மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தச் சொன்னார். பிரபு செய்தார். சீட்டை அவர் கண் முன்னாலேயே ஒட்டினார். கீழ்பென்னாத்தூர் குழாய்கள் முன்னால் இருந்தன. அதெல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் அவருடையது போனது.

எண் வந்தது. அளவு மீறிய எண் என்று பக்கத்தில் மெஷின் நட்சத்திரக்குறி போட்டிருந்தது. பிரபு பார்த்தார். ஓனரைக் கூப்பிட்டார். ஓனர் பார்த்தார். யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை அது. நல்ல உடம்பில் நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை இருக்கும் என்று எனக்கும் தெரியும். இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

“மெஷின்ல கோளாறும்மா” என்றார் ஓனர். “இன்ஜினியருக்குப் போன் போட்றேன்.”

“கரண்டு காலைலேர்ந்து ஏறி ஏறி எறங்குது” என்றார் செல்வி. கரண்டு நன்றாகத்தான் இருந்தது.

நானும் சொன்னேன். “என் பெட்டிலேர்ந்து வந்த குழாய் ஏதாவது மாறிப் போயிருக்குமா?” மாறவில்லை என்று எனக்கே தெரியும்.

ஆபா சுவரில் இருந்த தாளைக் காட்டினார். “காலைல நான்தான் கன்ட்ரோல் போட்டேன். நடுக்கோட்டு மேல உக்காந்துச்சு.”

“திரும்பப் போடலாம்மா. ஒரு வாட்டி” என்றார் ஓனர்.

“போடணும். போடாம எப்படி?”

குப்பியை அவரே எடுத்தார். குளிர் போகும்வரை எல்லோரும் காத்திருந்தோம். வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆபா குப்பியை உள்ளங்கையில் உருட்டினார். அவ்வளவு நேரம் உருட்டி நான் பார்த்ததில்லை. மெஷினில் வைத்தார். எண் வந்தது. தாளில் புள்ளி வைத்தார். நடுக்கோட்டிலேயே நின்றது.

நான் அந்த மெஷினிடம் எத்தனையோ முறை வேண்டிக்கொண்டதுண்டு, இன்றைக்குச் சரியாக ஓடு, எனக்கு அலைச்சல் வைக்காதே என்று. அன்றுதான் அது கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டினேன். அது கெடவில்லை. ஆபா அதைக் கெட விட்டதில்லை.

“மறுபடி எடு” என்று இன்னொரு கையை நீட்டினார். பிரபு எடுத்தார். எண் அளவுக்கு மீறி இருப்பதால் ரத்தத்தில் நீர் கலந்து ஓட்டி, வந்ததைப் பெருக்கிப் பார்த்தார்கள். முன்னால் வந்ததுதான் வந்தது. ஆபா ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து பிரபுவுக்கு இடம் விட்டார். “நீயும் பாரு. ரெண்டு பேரு பாக்கணும்.”

பிரபு குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை.

ஓனர் சொன்னார். “ரிப்போர்ட்ட இன்னிக்கு நிறுத்தி வெச்சுடலாம்மா. வேற எடத்துல பாத்துட்டு அப்பறம்…”

“நிறுத்த ஒரு காரணம் வேணும் இல்ல. நானும் தேடிப் பாத்துட்டேன்” என்றார் ஆபா.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. ஆபா கொண்டுவந்தது. எண் இவ்வளவு மோசமாக வந்தால் தாள் அச்சடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டருக்குப் போன் போட வேண்டும். எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னால்தான் சேதி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

“எந்த டாக்டருக்கு ஆபா சொல்றது?” என்றார் பிரபு. மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார்.

“டாக்டர் யாரும் எழுதிக் குடுக்கல. நானாத்தானே குடுத்தேன். பேஷண்ட்டுக்குச் சொல்லு.”

“ஆபா…”

“சொல்லு பிரபு. பேரு கேட்டுட்டுச் சொல்லு.”

செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பிரபு எழுந்து நின்றார். பெயர் கேட்டார். ஆபா பெயரைச் சொன்னார். பிரபு மெஷின் தந்த சீட்டைப் பார்த்து எண்ணைப் படித்தார். பாதியில் குரல் போய்விட்டது.

“முழுசா சொல்லு.”

முழுசாகச் சொன்னார்.

ஆபா தலைத்துணியைச் சரி செய்துகொண்டார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நோயாளிக்குச் சொல்லுகிற அதே குரலில் திருப்பிச் சொன்னார்.

“ரெண்டு லட்சத்து பதினாலாயிரம்.”